ஊளையின் இசைத்தட்டு

ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் எல்லாரும் இரைச்சலைப் போக்கத்தான் பிறந்தவர்கள். இரைச்சல் போய்விட்டதே என்று துக்கம் காத்த ஒரே மனிதர் கொடைக்கானல் 'ஊளை'தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். குமிழைத் திருகும்போது இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஊய்ய்ங் என்று ஒரு சத்தம் வருமே, அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

அறுபதுகளில் நான் அங்கே தபாலாபீசில் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டடத்தில் ஊளையின் கடை. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரி விட்டுப்போன டேப் ரிக்கார்டரில் அந்தச் சத்தங்களைப் பிடிப்பார். நாடாவை வெட்டுவார், ஒட்டுவார், தலைகீழாக ஓட்டுவார். பழைய ரேடியோ வால்வுகளைக் கோத்து, ஊரில் எந்த நாயும் போடாத ஊளைகளைப் புதிதாக உண்டாக்குவார். ரிப்பேருக்கு வந்த செட்டெல்லாம் அலமாரியில் தூங்கும். கேட்டால், "சோலி கெடக்குங்க" என்பார்.

கடைசியில் மதராஸில் யாரையோ பிடித்து இசைத்தட்டாகவே போட்டுவிட்டார். பெயர் 'கரண்டுப் பாட்டு'. யாராவது ஒருத்தர் முழுசாகக் கேட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியீட்டு விழா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஐப்பசி மழையில். பழனியிலிருந்து மைக் செட்காரர் வந்திருந்தார். முறைப்படி முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து ஊளையின் தட்டு. ஊய்ய்ங் என்றதும் மைக் செட்காரர் பாய்ந்து முள்ளைத் தூக்கிவிட்டார். முள்ளைத் துடைத்தார், ஒயரை முறுக்கினார், மறுபடி வைத்தார். ஊய்ய்ங். குழாய் ஸ்பீக்கரை நாலு தட்டுத் தட்டினார். "சின்னக் கோளாறுதாங்க, வெரசா சரி பண்ணிர்றேன்" என்று மைக்கில் வேறு சொன்னார்.

ஊளை ஓடிப்போய், அதுதான் பாட்டு என்று கெஞ்சினார். மைக் செட்காரர் நம்பினால்தானே. "அண்ணே, நாளைக்கு எவன் என் செட்டக் கூப்பிடுவான்?" என்று தட்டை எடுத்து ஊளையின் கையில் கொடுத்துவிட்டு, முருகன் பாட்டைப் போட்டார். செட் சரியாகிவிட்டதென்று கூட்டம் கைதட்டியது. ஊளை மழையில் நனைந்துகொண்டு நின்றார். அந்த மனுஷனை அப்படிப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

கடைக்குக் கூட்டிப்போய், நான் கேட்கிறேன், போடுங்கள் என்றேன். தட்டு சுற்றியது. எனக்குப் பல் கூசியது. யாரோ பேச வாயெடுத்துப் பேசாமலே போவதுபோல இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்டுக்காரி செத்த வருஷம் இந்த மாதிரி மழையில ஒரு ஸ்டேஷனும் எடுக்கலைங்க. வீட்டுல இந்தச் சத்தந்தான் பேச்சுத்துணையா கெடந்துச்சு."

முள் நடுவுக்கு வந்தது. எப்படி இருந்தது என்று கேட்டார். ஒரு எழவும் புரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஆனா நீங்க எந்திரிச்சுப் போகலையே" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு தட்டைத் திருப்பிப் போட்டபடி, தயங்கித் தயங்கி, "இன்னொரு பக்கம் இருக்குங்க" என்றார். அதையும் கேட்டேன்.

அந்தக் குளிரிலேயே நெஞ்சுச் சளி முற்றி ஊளை போய்ச் சேர்ந்தார். இன்னும் பத்துப் பக்கம் இருந்திருந்தாலும் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.