பாட்டிலுக்குப் பொட்டு வைத்த கதை

விதிகளை எழுதுகிறவருக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு வயது இருபத்தாறு. ஜவ்வாது மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எம்.எஸ்சி.யில் தங்கப் பதக்கம். (யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுவது வழக்கம்.)

வேலையில் சேர்ந்த முதல் மாதமே எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தேன். தலைவர் நான். செயலாளர் நான். உறுப்பினர் ஆய்வக உதவியாளர் ஏழுமலை. கையெழுத்துப் போடச் சொல்லி நோட்டை நீட்டியபோதுதான் தான் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியும். படவேட்டுக்காரர், என் வயதுதான். வரலாறு படித்துவிட்டு, அப்பா இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலைக்கு வந்தவர். வரலாறு படித்தவருக்கு அமிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்பது என் எண்ணம்.

பிறகு நாற்பத்திரண்டு விதிகளைச் செந்தமிழில் எழுதிச் சுவரில் மாட்டினேன். "அமிலம் சிந்தியமை கண்ணுற்றவுடன்…" என்று ஒரு விதி தொடங்கும்.

"கண்ணுறுதல்னா இன்னா டீச்சர், கண்ணு படுறதா?" என்று கேட்டார் ஏழுமலை.

"அர்த்தமெல்லாம் அப்புறம். முதல்ல மனப்பாடம் பண்ணுங்க. அதிகாரி வந்தா கேப்பாங்க."

பாவம், மனிதர் பண்ணினார். நான்தான் பண்ணவில்லை. எழுதியவளே நான், எனக்கெதற்கு மனப்பாடம்?

இத்தனை அமர்க்களத்துக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. எங்கள் ஆய்வகம் சரியில்லை என்று, பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்கு மலையிறங்கிப் போக வேண்டியிருந்தது. விடியற்காலைப் பஸ்ஸில் அத்தனை வளைவுகளையும் தாண்டி, பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டுத்தான் பிப்பெட்டையே தொடுவார்கள். முந்தைய வருடம் பஸ் பழுதாகி ஒரு பெண் தேர்வையே தவறவிட்டாள். அத்தோடு படிப்பையும் விட்டாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. இந்த வருடம் அதிகாரி வந்து பார்த்து 'சரி' என்று எழுதிவிட்டால், முப்பத்தொரு பிள்ளைகளும் எங்கள் பள்ளியிலேயே தேர்வு எழுதலாம்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. ஆய்வகத்துப் பூஜையை நானே முன்னின்று நடத்தினேன். தராசுக்குப் பொட்டு, பன்சன் பர்னருக்குப் பொட்டு, பியூரெட் ஸ்டாண்டுக்குப் பொட்டு. கடைசியில் அமில அலமாரி. ஒவ்வொரு பாட்டிலுக்கும் கழுத்தில் சாமந்திச் சரம் கட்டி, லேபிளின் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன்.

ஏழுமலை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், லேபிள் மேல வெக்காதீங்க. எழுத்து மறையுது."

"பாட்டிலுக்கு நெத்தி எது ஏழுமலை? லேபிள்தானே? முதுகுலயா பொட்டு வைப்பாங்க?"

அவர் அடுத்த பாட்டிலை எடுத்து நீட்டினார். (பதில் இருந்திருக்கும். பதக்கத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டிருப்பார்.)

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே, யாரும் எதிர்பாராமல், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஆய்வகத்தில் பிளஸ் டூ வகுப்பு. பூச்சரங்கள் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எடுக்கக்கூட நேரமில்லை.

"லேப் கோயில் மாதிரி இருக்கே" என்றார் அவர்.

"தேங்க்ஸ் மேடம்" என்றேன் நான். என் புத்தி அவ்வளவுதான்.

அலமாரியில் ஒரு பாட்டிலைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"சல்ஃப்யூரிக் ஆசிட் மேடம்."

"அடர்வா, நீர்த்ததா?"

லேபிளைப் பார்த்தேன். 'சல்ஃப்யூரிக் ஆசிட்' என்பது நன்றாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த சொல்லின் மேல், காய்ந்து வெடித்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் மங்களகரமாக வீற்றிருந்தன. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சுரண்டிப் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நீர்த்தது மேடம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, நிரூபிக்கிற மாதிரி பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து தூக்கினேன். அதன் கழுத்துச் சரம் பக்கத்திலிருந்த ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தேன். பாட்டில் சாய்ந்தது. தரையில் கொஞ்சம், என் சேலைக் கொசுவத்தில் ஒரு கரண்டி அளவு.

"டீச்சர், சேலைய அவுருங்க!"

கத்தியது ஏழுமலை. கேட்டது முப்பத்தொரு பிள்ளைகள், ஓர் அதிகாரி, நான்.

"ஏழுமலை!" என்று சீறினேன்.

"அவுருங்க டீச்சர், சீக்கிரம்!"

அந்த நேரம் பார்த்து, அதிகாரிக்குக் காபியோடு உள்ளே நுழைந்தார் தலைமையாசிரியர். காதில் விழுந்ததை அவரால் நம்ப முடியவில்லை. "டேய், யாராண்ட இன்னா பேசற?"

"நான் சொல்லலைங்க சார், டீச்சர்தான் எழுதிக்கீறாங்க. விதி பதினேழு. அமிலம் தோய்ந்த ஆடையைத் தாமதமின்றிக் களைக!"

நானோ நின்ற இடத்தில் நின்று வாதாடிக்கொண்டிருந்தேன். "இது டைல்யூட்டுதான் ஏழுமலை. ஒண்ணும் ஆகாது. துடைச்சா போய்டும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீலச் சேலையில் பழுப்பாக ஒரு வட்டம் படர்ந்தது. அது கறுத்து ஓட்டையாகி, உள்ளே என் மஞ்சள் பாவாடை தெரிந்தது.

மற்றதெல்லாம் மின்னல் வேகம். "பிள்ளைங்க எல்லாம் வெளிய போங்க!" என்று அதிகாரி அம்மா அதட்டி, என் சேலையை ஒரே இழுப்பில் உருவி எறிந்தார். தலைமையாசிரியர் காபியோடு ஓட்டமெடுத்தார். ஏழுமலை அதற்கு முன்பே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அப்படியே நின்றபடி விதி பதினெட்டை ஒப்பித்தார்: "ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக." குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. மலையில் என்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது? அது தெரிந்து தினமும் டிரம்மில் பிடித்து வைப்பவர் அவர்தான். திரும்பிப் பார்க்காமலே வாளி வாளியாக மொண்டு பின்பக்கமாக நகர்த்த, அதிகாரி அம்மா என் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஜன்னல் திரையை என்மேல் சுற்றிய பிறகுதான் ஏழுமலை திரும்பி, தரையில் சிந்திய அமிலத்தின் மேல் மணலையும் சோடா உப்பையும் கொட்டினார்.

கெண்டைக்காலில் ஒரு சிவப்புத் தடிப்போடு பிழைத்தேன். வலியைவிட, காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் அழுகை வந்தது. முப்பத்தொரு பிள்ளைகளை என் வாயாலேயே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்று மாலை கபடி அணிப் பெண் ஒருத்தியின் டிராக் பேன்ட்டில்தான் நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். "விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்பது ஆய்வக உதவியாளருக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியைக்கும் தெரிந்தால் நல்லது. பாட்டில்களுக்குப் பொட்டு வைத்தல் கூடாது. செய்முறைத் தேர்வை இப்பள்ளியிலேயே நடத்தலாம்."

கடைசி வரி வந்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் நானும் சேர்ந்துகொண்டேன். அப்புறம் ஏழுமலையிடம் போய், நாற்பத்திரண்டையும் எனக்கு ஒருமுறை சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். "மொதல்ல கண்ணுறுதல்னா இன்னான்னு சொல்லுங்க டீச்சர்" என்றார்.

இதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு என் கணவரிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. வீடு முழுக்கப் பரவிவிட்டது. போன தை மாதம் கலசப்பாக்கத்தில் என் தங்கை கல்யாணம். முதல் பந்தியில் பரிமாறியவர் கை தவறி என் புதுப் பட்டில் ரசத்தைக் கவிழ்த்தார். என் எட்டு வயது மகள் நாற்காலி மேல் ஏறி நின்று, மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினாள்: "அம்மா, விதி பதினேழு!"

சம்பந்தி வீட்டார் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டார் வரிசை முழுக்க இலையில் விழுந்து விழுந்து சிரித்தது. நான் இந்தத் தடவை வாதாடவில்லை. எழுந்து மணமகள் அறைக்கு ஓடினேன்.