டபுள் எக்ஸெல் அண்ணன் இளைத்த கதை

ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் தொந்தி வைத்த ஆண்கள் இன்றைக்குப் பட்டன் தெறிக்காமல் மூச்சு விடுகிறார்கள் என்றால், அதற்கு ஒரே காரணம் திருப்பூரில் இருக்கும் எங்கள் டபுள் எக்ஸெல் அண்ணன்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

சமீப காலம் வரை நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து பெட்டி கப்பலேறும் வரை இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன் என்று அர்த்தம். அண்ணன் அங்கே அயர்ன் செக்‌ஷன். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

எந்த உடுப்பாக இருந்தாலும் முதலில் மாதிரிக்கு ஒன்று தைத்து, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையருக்கு அனுப்புவோம். மற்ற சைஸ்களுக்கெல்லாம் டம்மி பொம்மைகள் இருந்தன. டபுள் எக்ஸெலுக்கு மட்டும் கிடையாது. எதற்கு வாங்க வேண்டும், அண்ணன் இருக்கும்போது?

சாம்பிள் ரூமிலிருந்து ஆள் போனதும், அயர்ன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற தோரணையில் வருவார். சட்டையை மாட்டுவார். கையைத் தூக்குவார், குனிவார், நிமிர்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்பார். நாங்கள் மூச்சுக்கூட விடமாட்டோம்.

"அக்குள்ல சித்த புடிக்குதுங்க மாஸ்டர்."

பேட்டர்ன் மாஸ்டர் டேப் வைத்து அளப்பார். அளவு கச்சிதமாக இருக்கும். ஆனாலும் மாற்றிவிடுவார். "டேப்பு தப்புப் பண்ணுமுங்க தம்பி, அண்ணன் பண்ண மாட்டாரு" என்பார் என்னிடம். பையர் அனுப்பிய அளவைவிட அண்ணனின் வயிற்றின் மேல்தான் எங்கள் கம்பெனி நம்பிக்கை வைத்திருந்தது.

அந்த வயிற்றை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. அரிசிம்பருப்புச் சாதம் அடுக்கு டிபனில் வரும். கீழ்த்தட்டு தெரியும்வரை பேச மாட்டார். டீ டைமில் போண்டாத் தட்டு நேராக அவரிடம் போய்விட்டுத்தான் மற்றவர்களிடம் வரும், வந்தால். யாராவது கிண்டல் செய்தால், "இது கம்பெனிச் சொத்துங்க. கொறைஞ்சா ஆர்டர் கேன்சலாயிரும்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். அட, என்ன ஒரு பொறுப்பு!

அப்படிப்பட்டவர் ஒருநாள் போண்டாவை வேண்டாமென்று சொன்னார். வயிறு சரியில்லையாம். அடுத்த வாரமும் சரியில்லை. டிபன் பாக்ஸ் திறக்காமலே எங்களோடு வேலை பார்த்த இந்திக்காரப் பையன்களிடம் போனது. அவர்கள் அரிசிம்பருப்புக்கு அடிமையானார்கள். அண்ணன் எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அயர்ன் டேபிளுக்குத் திரும்பினார். ஆனால் பார்வைக்கு ஆள் அதே பருமன்தான். அதனால் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முதலில் நினைத்தது பையர்தான். மெயில் வந்தது. நெஞ்சும் வயிறும் பரவாயில்லையாம், ஆனால் இவ்வளவு ஒல்லியான கையும் தொடையும் உள்ள டபுள் எக்ஸெல் மனிதர்கள் அவர்கள் நாட்டில் இல்லையாம். மாஸ்டரிடம் காட்டினேன். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"அண்ணனுக்குப் போட்டுப் பாத்துத்தானுங்க அனுப்புனேன்! அவங்க நாட்டு ஆளுகள மொதல்ல செக் பண்ணச் சொல்லுங்க!"

சித்திரை வெயில். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் குளிர்கால ஆர்டர் ஓடும். கம்பளி மாதிரி தடித்த ஜாக்கெட் ஒன்றை அண்ணனுக்கு மாட்டினோம். கையைத் தூக்கினார், இறக்கினார், கண்ணை மூடினார். நாங்கள் தீர்ப்புக்காகக் காத்திருந்தோம். வெகுநேரம் தீர்ப்பு வரவில்லை. அண்ணன்தான் வந்தார், வெட்டிய வாழை மாதிரி மாஸ்டரின் மேல்.

"காத்து விடுங்க, காத்து விடுங்க!" என்று கத்திக்கொண்டே ஜாக்கெட்டைக் கழற்றினோம். உள்ளே பனியன். அதைக் கழற்றினால் இன்னொரு பனியன். அதற்குள் இன்னொன்று. எல்லாம் எங்கள் கம்பெனி ரிஜெக்ட் பீஸ்கள். உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த கட்டிங் வேஸ்ட் துணியை அவிழ்த்தோம். உள்ளே எங்களுக்குத் தெரியாத ஒரு ஆள் படுத்திருந்தார். விலா எலும்பு தெரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவர்கள் தண்ணீருக்கு ஓடினார்கள்.

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் கண் திறந்தார். கேட்ட முதல் கேள்வி, "செக்கிங் புள்ளைக யாரும் பாக்கலீங்களே?"

அப்புறம்தான் விஷயம் வந்தது. அவர் மனைவி சரசக்கா எங்கள் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவர். உடம்புக்கு முடியவில்லை என்று நின்றுவிட்டார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் கிட்னி பொருந்தியது. ஆனால் இந்த எடையோடு ஆபரேஷன் செய்ய முடியாது, குறைத்துவிட்டு வாருங்கள் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

"திங்காம இருந்தா வெரசாக் கொறையுமுன்னு பாத்தனுங்க. வீட்டுலயும் இப்படித்தான் துணிக்கு மேல துணி போட்டுட்டுத் திரியறனுங்க. நான் எளச்சது இங்க தெரிஞ்சா செக்கிங்ல இருந்து சாயந்திரமே அவளுக்குப் போன் போயிருமுங்க. பட்டினி கெடக்கறேன்னு தெரிஞ்சா கிட்னியே வேண்டாம்னு சொல்லிருவா தம்பி."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்ணா, துணியவே ஒரேயடியாச் சூட்டுல சுருக்குனா கோணிக்குது. உடம்பப் போயி இப்படிச் சுருக்குவாங்களா?"

மறுநாள் நான்தான் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் டாக்டர் கொதித்துவிட்டார்.

"குறைக்கச் சொன்னேன், காயச் சொல்லல. இப்படியே வந்தீங்கன்னா உங்க கிட்னியத் தொட மாட்டேன். வேளாவேளைக்கு உடம்புக்குத் தேவையானதச் சாப்பிட்டு, நடந்து, மெதுவாக் குறையணும்."

"சாப்புட்டாத்தான் எடுப்பீங்களா டாக்டர்?"

"ஆமாய்யா! போன தடவையே சொன்னேனே?"

"அப்பப் பசியில காது அடைச்சிருந்துச்சுங்க" என்றார் அண்ணன், மிகுந்த பணிவோடு.

செக்கிங்கிலிருந்து போன் எப்போதோ போய்விட்டிருந்தது. சரசக்கா ஒரே பிடியாக நின்றார். "நீங்க சாகறதுக்கா நான் பொழைக்கோணும்? எனக்கு ஒண்ணும் வேண்டாம்." அண்ணன் கெஞ்சினார், அழுதார். கடைசியில் அக்கா ஒரு நிபந்தனை போட்டார். மதியச் சாப்பாட்டை அவர் கண் முன்னால் சாப்பிட வேண்டும்.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு ரூமில் நடந்ததை உலகம் பார்த்திருக்காது. செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து வீடியோ கால். அந்தப் பக்கம் சரசக்கா, சில நாள் வீட்டில், சில நாள் டயாலிசிஸ் கட்டிலில். இந்தப் பக்கம் அண்ணன். அளவாகச் சோறு, அதைவிட அதிகமாகப் பொரியல், கொள்ளுப் பருப்பு, முட்டை.

"சரசு, போதுமம்மிணி. கொஞ்சம் மிச்சம் வெச்சா இன்னும் வெரசா..."

"மூடிய மூடாதீங்க! முட்டை அப்படியே கெடக்குது, எனக்குத் தெரியுது."

டயாலிசிஸ் மெஷின் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பெண் புருஷனுக்கு ஒவ்வொரு வாயாகச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதில் நான் அசந்துபோன இடம் ஒன்று உண்டு. பட்டினி கிடப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது, வைராக்கியம் போதும். தட்டு முன்னால் உட்கார்ந்து, தேவையான அளவுக்கு உண்டு, அதோடு எழுந்திருப்பதுதான் அந்த மனுஷனுக்கு மலையேறுவது. டீ டைமில் போண்டாத் தட்டு அவரைக் கடந்து போகும். ஒரு பெருமூச்சு விடுவார். சுண்டலை எடுத்துக்கொள்வார். எடை இறங்காத வாரங்களில் முகம் தொங்கிப்போகும், ஆனால் மறுபடி பட்டினி கிடக்கவில்லை. தினமும் காலையில் கம்பெனி வேனை விட்டுவிட்டு நடந்தே வந்தார். மாதங்கள் ஓடின. கம்பெனி பொம்மை வாங்கியது. டாக்டர் ஒருவழியாகச் சரி என்றார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அக்காவுக்குத் தொற்று வந்துவிடக் கூடாதென்று முகக்கவசம் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன், திருப்பூர் ராயபுரத்தில். அண்ணன் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். உள்ளே சரசக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். டயாலிசிஸில் இருந்த காலமெல்லாம் தண்ணீரும் அளவுதான். தாகத்துக்கு உதட்டை நனைத்துக்கொண்டு கிடந்தவர். இப்போது மடக் மடக்கென்று முழுச் சொம்பும் இறங்கியது.

அண்ணன் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொரு சொம்பு வேணுமா அம்மிணி?"

அக்கா தலையாட்டினார். அண்ணன் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தையல் வலியோடு, குடத்தை நோக்கி வேகமாக நடந்தார். நான் மொள்ளட்டுமா என்று கேட்க எழுந்தேன். கேட்கவில்லை. அதை அவர்தான் மொள்ள வேண்டும், நான் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்குப் போதும் என்று தோன்றியது.