எனக்கென்று ஒரு முகவரி

மானாகுவா,
எழுத்துக்கள் இருக்கும் வீடு.

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் எரிபெர்த்தோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை மிர்த்தாலாவின் கணவன் ஃபானோர் வணங்கி எழுதுவது. கன்னி மரியாளின் தயவில் நானும் உங்கள் தங்கையும் மகள் அடிலியாவும் நன்றாக இருக்கிறோம். சான் ஹோசேயில் நீங்களும் உங்கள் தச்சுப் பட்டறையும் இடுப்பு வலியும் எப்படி என்று தெரிவிக்கவும். மரியாதைக்கு இது போதும். இப்போது மேலே எழுதியிருக்கிற முகவரியை இன்னொரு தடவை படியுங்கள். படித்தாயிற்றா? சரி, இனி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நம் ஊரில் தெருவுக்குப் பெயரும் கிடையாது, வீட்டுக்கு எண்ணும் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லி, அங்கிருந்து ஏரிப் பக்கம் இத்தனை தெரு, கிழக்கு என்றால் மேலே இத்தனை, மேற்கு என்றால் கீழே இத்தனை என்றுதான் வழி சொல்வோம். அப்படி எனக்கு வாய்த்தது என்ன? 'தோன் லிசிமாக்கோவின் பஞ்சர் கடையிலிருந்து கீழே அரைத் தெரு.' தபால்காரனாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் அவனவன் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்குச் சொந்த முகவரியில் அடுத்தவன் பெயர்! அடிலியாவின் ஞானஸ்நான அழைப்பிதழில் லிசிமாக்கோ. என் அப்பா இறந்தபோது வந்த மலர்வளையங்களில் பாதி அவன் கடை டயர்கள்மேல் சாய்ந்து நின்றன. யாரோ ஒரு தூரத்து உறவினர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருக்கிறார், அந்த ஆளும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆறுதலை வாங்கிக்கொண்டிருக்கிறான். இது போதாதென்று, எதிரில் பார்த்தால் போதும், "என்ன ஃபானோர், என் தயவுல இன்னிக்கு லெட்டர் ஏதும் வந்துச்சா?" என்று ஒரு கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடிலியா நம் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை திறக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றே நான் முடிவு கட்டிவிட்டேன். முடி திருத்த வருகிற பெண் முதலில் அவன் கடை கிரீஸை மிதித்துவிட்டுத்தான் வரவேண்டுமா? என் மகளின் கடையைத் தேடி வருகிறவர்கள் என் மகளின் பெயரைப் பார்த்துத்தான் வரவேண்டும். பெயர்ப்பலகை எழுதுகிறவனிடம் விலை கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டபின் நானே செய்வது என்று தீர்மானித்தேன்.

செலவு மிகவும் கொஞ்சம், மச்சான், அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சந்தையில் தூக்கிப்போடும் பழப்பெட்டிப் பலகைகளை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒவ்வோர் எழுத்தையும் வரைந்து, சின்ன ரம்பத்தால் அறுத்தேன். பெயின்ட் விலை கட்டாது. பெட்டிக்கடையில் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு வாங்குகிறார்களே, நம் நாட்டு வரைபடம், மாகாணத்துக்கு ஒரு கலர் போட்டு, அதில் ஒரு கட்டு வாங்கினேன். கடைக்காரி, "இந்த வயசுல பூகோளத்துல ஃபெயிலா, தோன் ஃபானோர்?" என்று கேட்டாள், சிரித்துவிட்டு வந்தேன். படத்தைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் பலகையையும் கவிழ்த்து, பென்சிலால் கோடு போட்டு, கொஞ்சம் தாராளமாக வெட்டி, மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசையால் ஒட்டி, பாட்டிலை உருட்டிக் குமிழி போக்கி, காய்ந்தபின் ஓரத்தை உப்புத்தாளால் ஒரே பக்கமாகத் தேய்த்தால் மீதிக் காகிதம் கத்தியால் அறுத்தமாதிரி உதிர்ந்துவிடும். இதை நானாகவே கண்டுபிடித்தேன், தச்சராகிய நீங்கள் உபயோகித்துக்கொள்ளலாம். காயவைத்த இடத்தில் கோழி வந்து மாவுப் பசையின் ருசியில் கரீபியன் கடற்கரையைப் பூராவும் கொத்தித் தின்றுவிட்டது, அதற்கு வேறு துண்டு வைத்து ஒட்டினேன். அடிலியாவின் பெயரில் முதல் எழுத்தான A-யின் வயிற்றில் முக்கோணமாக ஓர் ஓட்டை வருமல்லவா, அதை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். அதில்தான் நீங்கள் பிறந்த போவாக்கோ இருந்திருக்கிறது என்பதை நான் எங்கே கண்டேன்?

மிர்த்தாலா கண்டுவிட்டாள். "தேடித் தேடிப் பார்த்தேன், முதல் எழுத்துல நாடு முழுக்க இருக்கு, போவாக்கோ மட்டும் இல்ல! எங்க அண்ணன் பொறந்த ஊரக் குப்பையில போட்டுட்டு அவருக்கே லெட்டர் எழுதுவீங்களோ?" என்று பிடித்துக்கொண்டாள். சோற்றுக்கும் பயறுக்கும் பக்கத்தில் வைக்கிற பாலாடைக்கட்டி நின்றுபோயிற்று. அது போவாக்கோவிலிருந்து வருகிறதாம், இல்லாத ஊரிலிருந்து எப்படி வரும் என்று கேட்டாள். கடைசியில் அவளே குப்பையைக் கிளறி உங்கள் ஊரை மீட்டு, அடுத்த எழுத்தில், தலைநகரத்தின்மேலேயே ஒட்டினாள். மறுநாள் பாலாடைக்கட்டி வந்தது.

முன்சுவரில் மாட்டியதுதான் தாமதம், தெரு கூடிவிட்டது. ஆளாளுக்குச் சொந்த ஊரைத் தேடினார்கள். எதிர்வீட்டு தோனா தியோதோராவின் ஊர், நான் தேய்க்காமல் விட்ட ஓர் ஓரத்தில் மடிந்து பின்பக்கம் போயிருந்தது. "எங்க எஸ்தெலிய முதுகுப் பக்கம் வச்சு ஆணி அடிச்சிருக்கீங்களே, உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். எழுத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினேன், தொட்டு முத்தமிட்டாள், பிறகு மாட்டினேன். இப்படி வருவோர் போவோரெல்லாம் நின்று ஊரைக் காட்டி, அங்கே இருக்கிற அத்தையைப் பற்றிப் பேசி, சண்டை போட்டு, அப்படியே உள்ளே போய் முடியும் திருத்திக்கொண்டார்கள். அடிலியாவுக்குக் கை ஓயவில்லை. பழரசம் விற்கிற பெண் வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "பெரியவரே, எழுத்துங்க இருக்கிற இடத்துலேர்ந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெருன்னு சொன்னாங்க. அந்த எழுத்துங்க இதானா?" என்று கேட்டார். "இதேதான், தம்பி" என்று சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர். யார் வீட்டுக்கோ போகிற யாரோ ஒருவர், என் வீட்டைப் பிடித்துக்கொண்டு வழி கேட்கிறார்! லிசிமாக்கோ கடை வாசலில் டயரோடு நின்று இதைக் கேட்டான். எனக்கென்ன என்று டயரை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான் அன்று கடவுளுக்கு ஒன்றுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஆகவே இனி எனக்குக் கடிதம் எழுதினால் மேற்கண்ட முகவரிக்கே எழுதவும். பஞ்சர் கடை என்ற சொல் உறையின்மேல் வரக்கூடாது. அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் இடுப்புக்கு மிர்த்தாலா தனியாக ஒரு ஜெபம் சொல்கிறாள். எல்லோரையும் ஆண்டவர் காக்க.

தலை நிமிர்ந்து நடக்கும் உங்கள் மைத்துனன்,
ஃபானோர்

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் மழை வந்துவிட்டது. மேலே வார்னிஷ் அடித்தாயா என்று கேட்பீர்கள். அடிக்கவில்லை. மாவுப் பசை கரைந்து, நாடு முழுவதும் வழிந்து, சாக்கடையில் ஓடிவிட்டது. பழப்பெட்டிப் பலகையும் நெளிந்துவிட்டது, கழற்றி அடுப்புக்கு வைத்துவிட்டோம். இந்தக் கடிதத்தையும் கிழித்துப்போட இருந்தேன். இன்று காலை லிசிமாக்கோ தன் கடை வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தான்: "கடை எங்கயா? எழுத்துங்க இருந்த இடம் தெரியுமில்ல? அங்கேர்ந்து மேலே அரைத் தெரு. ஆமாங்க, மழையில போச்சே, அதேதான்!" மிர்த்தாலா ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, "பூகம்பத்துல விழுந்த சினிமாக் கொட்டகைய வச்சுத்தானே எங்க சித்தி வீட்டுக்கு இன்னிக்கும் வழி சொல்றோம். இருக்கிறத நாளைக்கே மாத்திடுவாங்க, இல்லாததை யாரு மாத்த முடியும்?" என்றாள். அதனால் மேலே உள்ள முகவரியில் 'இருக்கும்' என்பதை அடித்துவிட்டு 'இருந்த' என்று திருத்திக்கொள்ளவும். அடிலியா புது எழுத்துக்கள் செய்து தரச்சொல்லி நச்சரிக்கிறாள். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மறுபடி மாட்டினால் முகவரி கெட்டுப்போய்விடும்.