என் கெண்டைக்காலும் உன் வேக இழையும்

உடலெங்கும் தசையும் வாயெங்கும் அறிவுரையும் வாய்க்கப்பெற்ற அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே என் வலது கெண்டைக்கால் நீங்கலாக அனைவரும் நலம். உன் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. போன முறை வந்தபோதுதான் சட்டையைக் கழற்றியே காட்டிவிட்டாயே.

விடுமுறைக்கு வந்தவன் சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று இருந்திருக்கலாம். விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அது அழகில்லை போலிருக்கிறது. நூற்பாலையில் காலமெல்லாம் இழையைப் பார்த்துப் பிழைப்பவன் நான். இழை என்றால் நூலில் இருப்பது என்பதே என் ஞானம். தொடைக்குள்ளும் இழை உண்டு, அதில் இரண்டு ரகம் உண்டு, வேக இழை படாரென்று சுருங்கி ஆளையே மேலே தூக்கும் ஆனால் சீக்கிரம் களைத்துவிடும், மெது இழை நாள் முழுக்க உழைக்கும் ஆனால் தூக்காது என்று நீ உபதேசித்தாய். அதோடு விட்டாயா? சுவரோரம் என்னை நிற்கவைத்து, கையை உயர்த்தச் சொல்லிச் சாக்பீஸால் கோடு போட்டு, "எகிறுங்க அத்தான்" என்றாய். எகிறித் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு போட்டேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு எறும்பு தாராளமாகப் போகலாம். "அத்தான், உங்களுக்கு மெது இழைதான் ஜாஸ்தி" என்று ஜோசியர் மாதிரி சொன்னாய். பிறகு நீ எகிறிப் போட்ட கோட்டைப் பார்த்து, "சுவர என்னடா பண்ணி வச்சிருக்க?" என்று ஈரத்துணியோடு வந்த உன் அக்கா, ஒரே தாவலில் அதைத் துடைத்துவிட்டு இறங்கினாள். நீ வாயைப் பிளந்தாய். அதை அப்போதே மூடிக்கொண்டு போயிருக்கலாம். "அக்கா, நீ முழுக்க வேக இழை!" என்றாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனி.

நீ ஊருக்குப் போன மறுநாளே வீட்டுவேலை உன் விஞ்ஞானப்படி பங்கிடப்பட்டது. பரணிலிருந்து பெட்டியை எடுப்பது, பல்லியை விரட்டுவது எல்லாம் அக்காவுக்கு. பாத்திரம் துலக்குவது, துணி மடிப்பது, மருத்துவமனை வரிசையில் நிற்பது எனக்கு. "நீண்ட நேர வேலைங்க இது, உங்க இழைக்குத்தான் தாங்கும்" என்கிறாள். மறுத்துப் பேச எனக்குப் படிப்பு போதவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆலையில் குடும்ப விளையாட்டு விழா அறிவித்தார்கள். நின்ற இடத்திலிருந்து தாண்டும் போட்டியில் உன் அக்கா பெயர் கொடுத்தாள். கல்யாணமானதிலிருந்து செருப்பைத் தவிர வேறெதையும் காலில் போடாதவள், கட்டுகிற ஷூ வாங்கிவந்து அதைக் கட்டிலுக்கு அடியில்கூட வைக்காமல் அலமாரியில் வைத்தாள். எனக்கும் ரோஷம் வந்தது. கொடுத்தேன் பெயரை. கிடங்கில் யாருமில்லாத நேரம் பார்த்துப் பஞ்சுப் பொதிமேல் எகிறிப் பழகினேன். "சார், பாம்பா?" என்று தொழிலாளர்கள் கம்போடு ஓடிவந்ததோடு பயிற்சி நிறைவடைந்தது.

விழா அன்று முழங்காலை மடக்கி, கையை வீசி, எகிறினேன். கெண்டைக்காலில் 'பட்'டென்று ஒரு சத்தம். முன்னால் போன நான் பின்னால் விழுந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்தேன். "உடம்பு பட்ட இடத்துலேர்ந்துதான் அளக்கணும் சார்" என்று டேப்போடு வந்த கணக்காளர், டேப்பைப் பின்பக்கமாக இழுத்துப் பார்த்து, "இத கழித்தல் குறி போட்டுத்தான் எழுதணும்" என்றார். அடுத்து பெண்கள் முறை. எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஷூ கட்டிக்கொண்டிருந்த உன் அக்கா அந்தக் கயிற்றைத் தாண்டி வந்த வேகத்தை எவனும் அளக்கவில்லை. என் காலை மடியில் வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவளை அழைத்தார்கள்.

"உன்னத்தான் கூப்பிடறாங்க, போ."

"கூப்பிடட்டும். கால அசைக்காதீங்க."

இன்னொரு முறை அழைத்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். கணக்காளரின் மனைவி தாண்டினார், கோப்பை வாங்கினார். உன் அக்கா வீட்டுக்கு வந்து ஷூவைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். திட்டியிருந்தாலாவது நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

மருத்துவரிடம் உன் தத்துவத்தைச் சொன்னேன். "எல்லாருக்கும் ரெண்டு இழையும் கலந்துதான் இருக்கும். வயசானா வேக இழைதான் முதல்ல இளைக்கும். உடம்பைச் சூடுபடுத்தாம எகிறினா இப்படித்தான். எது எவ்வளவுன்னு சுவத்துல கோடு போட்டா தெரியாதுங்க, தசையில துளி வெட்டிப் பார்க்கணும்" என்றார். "இவருக்குப் பார்த்துடலாமா டாக்டர்?" என்று உன் அக்கா ஆவலாகக் கேட்டாள்.

ஆகவே மைத்துனா, இழை என்ற சொல்லோடு இனி நீ என் வாசற்படி மிதிக்கக் கூடாது. மற்றபடி நீயும் உன் சகல தசைகளும் குறைவின்றி வாழ ஆசீர்வதிக்கும்,

நொண்டிக்கொண்டிருக்கும் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கணக்காளர் வந்தார். அவர் மனைவி கோட்டை மிதித்துத் தாண்டியதாக யாரோ புகார் செய்து, பெண்கள் போட்டியை வரும் ஞாயிறு மறுபடி நடத்துகிறார்களாம். புகார் செய்தது யார் என்று நீ கேட்காதே, அவரும் கேட்கவில்லை. உன் அக்கா கூடத்தில் எகிற ஆரம்பித்துவிட்டாள். கிடைக்கிற முதல் பஸ்ஸில் கிளம்பி வா. தலைக்குமேல் சுண்ணாம்பு உதிர்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்துகிறார், இழையைப் பற்றி அவருக்கு யாராவது விளக்க வேண்டும்.