கசிந்த நவச்சாரம்

சுரைக்குடுக்கையைக் கவிழ்த்தபோது நவச்சாரம் தூளாகக் கொட்டவில்லை, கூழாக வழிந்தது. ஈயம் பூசும் துளசிங்கம் குடுக்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

வெயில் ஏறினால் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் சோதனை. ஆளுக்கொரு செப்பு அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டும். நன்றாகப் பூசுகிறவனுக்கு நிரந்தர வேலை. போட்டிக்கு ஒரே ஆள், மனைவி அங்காளம்மாளின் தம்பி மாணிக்கம். நெருப்பில் காய்ந்த செம்பில் நவச்சாரம் தூவினால்தான் அழுக்கு வெண்புகையோடு கழன்று ஈயம் பிடிக்கும். நவச்சாரமோ ஏரிக்காற்று பட்டாலே கசியும்.

“என் தம்பி மூங்கில் குழாய்ல அடைச்சு அடுப்பாண்ட வெச்சிருக்கான். உனக்கு இன்னா கேடு?” என்றாள் அங்காளம்மாள்.

“சும்மா கெட. கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்க? ஈரத்த அதான் இழுக்கும்.”

சுண்ணாம்பைக் கொட்டிக் கிளறினான். மூக்கில் அறைந்தாற்போல் ஒரு நெடி. இருவருக்கும் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

“யாரு செத்தது?” என்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக் குப்பம்மாளும் நின்று அழுதாள்.

நெடியை அடக்க இன்னொரு பிடி சுண்ணாம்பு போட்டான். நெடி இரட்டித்தது. அது ஓய்ந்தபோது நவச்சாரத்தின் சத்தும் கூடவே போயிருந்தது. மிஞ்சியது முன்னைவிட ஈரமான சேறு.

“அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை” என்று சமையல் உப்பை முடிந்துகொண்டு கிளம்பினான்.

கோட்டையில், “மாமா, என் நவச்சாரத்த எடுத்துக்க” என்று மாணிக்கம் குழாயை நீட்டினான்.

“உன் பிச்சை வேணாம்டா” என்று துளசிங்கம் உப்பைத் தூவினான். அது படபடவென்று வெடித்து, சோதிக்க வந்த ஒல்லாந்துத் துரையின் தாடியில் தெறித்தது. ஈயம் ஒட்டாமல் உருண்டோடியது. துரையோ மாணிக்கத்தின் அண்டாவில் முகம் பார்த்து மீசையை முறுக்கினார். துளசிங்கத்தைக் காவலாள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான்.

வீட்டில் தம்பிக்காக நண்டுக் குழம்பு கொதித்தது.

“அவன் கையில வித்த இருக்கு. உன் கையில சுண்ணாம்புதான்” என்றாள் அங்காளம்மாள். துளசிங்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இனி ஊர் ஊராகத் திருப்பாலைவனம் வரை நடந்து, ஓட்டைக் குண்டானுக்கு அலைய வேண்டியதுதான்.

பொழுது சாயும்போது தோணிக்காரன் சிங்காரம் வந்தான். அவன் கையில் மாணிக்கத்தின் மூங்கில் குழாய் இருந்தது.

“அக்கா, இத மாமாகிட்ட குடுக்கச் சொன்னான் மாணிக்கம். நல்லாப் பூசுறவனாப் பாத்து கடலுக்கு அப்பால படேவியாவுக்குக் கொண்டுபோவத்தான் சோதனையாம். அவனக் கப்பல்ல ஏத்திட்டுத்தான் வரேன். அங்க போனவன் எவனும் திரும்புனதில்ல.”