சும்மா இருக்கும் குழு

முப்பத்து நான்கு வருஷம் ஊர் தராசையெல்லாம் சோதித்துப் பார்த்த மனுஷர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் எதுவும் செய்வதில்லை. கொஞ்சமாகச் செய்வது, நேரம் கிடைத்தால் செய்வது, சொன்னால் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. சுத்தமாக எதுவுமே செய்வதில்லை.

எடையளவு ஆய்வாளராக இருந்தவர் அவர். கடை வாசலில் அவர் தலை தெரிந்தாலே கடைக்காரர்களுக்கு வியர்க்கும். தட்டின் அடியில் ஒட்டிய மெழுகுத் துணுக்கை விரலாலேயே கண்டுபிடித்து, "இது என்னய்யா, பிள்ளையா? மடியில வெச்சுக் காப்பாத்தறே?" என்பார். அப்படிப்பட்டவர் இப்போது காலை ஏழு மணிக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கும் அவசரத்துக்கும் தவிர எழுந்திருப்பதில்லை. சபதத்தை எட்டு மாதமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார்.

மனைவிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. காலையில் எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட்டு எட்டரைக்குக் கிளம்புவாள்; சாயங்காலம் ஐந்துக்குத் திரும்புவாள். கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது, காலையில் வைத்த இடத்திலேயே இருக்கும் காபி டம்ளர். பக்கத்தில், காலையில் விட்ட இடத்திலேயே இருக்கும் கணவர்.

"என்னங்க, அந்த டம்ளரையாவது எடுத்துத் தொட்டியில போடக் கூடாதா?"

"போடலாம்னுதான் பார்த்தேன்."

"எப்ப பார்த்தீங்க?"

"காலையில."

"அப்புறம்?"

"பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"நிக்குதுன்னுதானே சொன்னாரு? அது நிக்கட்டும். நான் உட்கார்ந்துக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் அந்த அறிவிப்பு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் நலவாழ்வு ஆய்வுத் துறை, அறுபது வயது தாண்டியவர்களைத் தேடுகிறது. வாழும் முறைக்கும் மூப்புக்கும், நோய்க்கும் மன நிம்மதிக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கப் போகிறார்களாம். வருகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்கு நடை, உணவு, மூச்சுப் பயிற்சி என்று உயிரை வாங்குவார்கள். இரண்டாவது குழு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். அவர்கள் பன்னிரண்டு வாரம் தங்கள் வழக்கப்படியே இருக்க வேண்டும். எதையும் மாற்றக் கூடாது.

கடைசி வரியை மூன்று தடவை படித்தார். சும்மா இருப்பதற்குப் பல்கலைக்கழகமே ஆள் எடுக்கிறது! எட்டு மாதத்தில் முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமல், அந்த நாற்காலியை விட்டு எழுந்தார்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்ட ஆராய்ச்சிப் பெண்ணுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்து, "சொல்லுங்க சார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

உள்ளதைச் சொன்னால் பதினொன்று. வாய்வரை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பதினொன்று அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

"ரெண்டு" என்றார். "அதுவே அதிகம்னு எனக்குத் தோணும்."

"அடேங்கப்பா! நடக்கறதுண்டா சார்?"

முதல் பொய்தான் கஷ்டம். அதற்கப்புறம் வண்டி இறக்கத்தில் ஓடுவது மாதிரி ஓடியது. அவள் கேட்கக் கேட்க இவர் அள்ளி விட, அவள் "சூப்பர் சார், சூப்பர் சார்" என்று எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் கணினியைத் தட்டினாள். அது சீட்டு குலுக்கி அவரை இரண்டாவது குழுவில் போட்டது. அவர் கையைக் கூப்பிக் கணினியையே கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பல்கலைக்கழகக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். மனைவி பையைக் கீழே வைக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"கொடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்களேன்னு கேட்டுப் பாரு."

"கேட்டா?"

"கேளேன்."

"கொடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்க."

"முடியாது! இதைப் படி. 'உங்கள் வழக்கத்தை எந்த விதத்திலும் மாற்ற வேண்டாம்.' நான் ஒரு கைக்குட்டையைத் தொட்டாலும் போச்சு. ஆராய்ச்சியே படுத்துடும்."

"நீங்க படுத்திருக்கறதுக்கு ஆராய்ச்சி படுத்தாத்தான் என்ன?" என்று சொல்லிவிட்டு அவளே போய்த் துணியை எடுத்தாள்.

இரண்டு நாள் அவர் ராஜா மாதிரி இருந்தார். தண்ணீர் கேட்டாலும் கடிதத்தைக் காட்டித்தான் கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம், கடிதத்தோடு கூட வந்து, அவர் பிரித்தே பார்க்காமல் மேஜையில் போட்டிருந்த சின்னப் புத்தகத்தை மனைவி எடுத்துப் பார்த்தாள். வீட்டிலிருக்கும் ஒருவர் தினமும் குறித்து வைக்க வேண்டிய புத்தகம். முதல் பக்கத்தில், அவர் சொன்ன வழக்கங்களையெல்லாம் வரிசையாக அச்சடித்திருந்தார்கள்.

"என்னங்க, வேற யாரோட புஸ்தகத்தையோ மாத்திக் குடுத்துட்டாங்க போல."

"ஏன்?"

"இதுல ஒரு நல்ல மனுஷனைப் பத்தி எழுதியிருக்கு."

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"தினமும் காலையில அஞ்சரைக்கு அஞ்சு கிலோமீட்டர் நடப்பாராம். காபிக்குச் சர்க்கரை போட மாட்டாராம். பொரிச்சது கையால தொட மாட்டாராம். வீட்டுல பாத்திரம் முழுக்க இவருதான் தேய்ப்பாராம். தினம் சாயங்காலம் அரை மணி நேரம், பேப்பரைக் கீழ வெச்சுட்டு, பொண்டாட்டி சொல்றதை உட்கார்ந்து கேட்பாராம்." கண்ணாடியைக் கழற்றினாள். "யாருங்க அந்த மகராசி? குடுத்து வெச்சவ."

"அது வந்து... ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அப்ப பொய்யா?"

முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் தராசில் பொய்யைத் தேடியவருக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

"பொய்னு சொல்ல முடியாது."

"சரி, அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டுடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! அது என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அப்ப இதெல்லாம் உங்க வழக்கம். வழக்கத்தை மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?" பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். "காலையில அஞ்சு மணிக்கு எழுப்பறேன்."

அப்படித்தான் அவருடைய கஷ்டகாலம் ஆரம்பமானது. முதல் நாள் நடையில் மாடி வீட்டுப் பல் டாக்டர் எதிரே வந்தார்.

"என்ன சார், புதுசா நடக்க ஆரம்பிச்சிருக்கீங்க?"

"புதுசா? ரொம்ப நாளா நடக்கறேனே."

"பத்து வருஷமா நான் இந்த ரோட்டுலதான் நடக்கறேன். உங்களைப் பார்த்ததே இல்லையே?"

"நான் கொஞ்சம் வேகமாப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

காபி மருந்தாகக் கசந்தது. அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்து, தேய்த்து, பாத்திரம் வெளுத்ததோ இல்லையோ அவர் முகம் வெளுத்தது. மனைவி தினமும் பென்சிலால் ஒரு குறி போட்டாள். ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் பேசினாள். முதல் வாரம் அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம், அவளுக்குப் பக்கத்து மேஜைப் பெண்மணி தினமும் ஸ்டேப்ளரை இரவல் வாங்கி, உள்ளே ஒரு கம்பிகூட இல்லாமல் திருப்பிக் கொடுப்பது தெரியவந்தது. நாலாம் வாரம், "இன்னைக்கும் எடுத்தாளா அவ?" என்று வாசலிலேயே கேட்டார். ஐந்தாம் வாரம் புது ஸ்டேப்ளர் ஒன்றை வாங்கி, மனைவியின் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். முப்பத்தேழு வருஷமாக இந்தப் பேச்சு இதே வீட்டில்தான் நடந்திருக்கிறது, அவர்தான் அதில் இல்லை. நினைத்தால் அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்: "நீங்க அந்த நாற்காலியிலயே இருந்தீங்களா, சாயங்காலம் கதவைத் திறக்கவே எனக்குப் பயமா இருக்கும். கூப்பிட்டா எழுந்திருக்காம போயிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு."

அன்றைக்கு அவர் பாத்திரத்தை இரண்டு தடவை தேய்த்தார்.

பத்தாம் வாரம் பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. ஐந்து கிலோ குறைந்திருந்தார். அப்போதுதான் பழைய ஆய்வாளர் அவருக்குள் விழித்துக்கொண்டார். தான் இருப்பது ஒன்றும் மாறக் கூடாத குழு. சும்மா இருந்தவருக்கு ஐந்து கிலோ குறைந்தது என்று கணக்கு எழுதினால், நாளைக்கு உலகமே நாற்காலியில் போய் உட்காருமே! தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகு வேறு யாருமில்லை, அவர்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொன்னால் மானம் போகும். போகட்டும். பொய் போனால் புத்தகமும் போகும். புத்தகம் போனால் நாற்காலி திரும்பி வரும். இந்த இரண்டாவது காரணத்தை மட்டும் அவர் மனதுக்குள்ளேயே கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

பன்னிரண்டாம் வாரம் தலைவாரி, சட்டை மாற்றி, பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆராய்ச்சிப் பெண் அவரைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அம்மா, உட்காரு. நான் உங்கிட்ட ஒரு தப்பை ஒத்துக்கணும். முதல் நாள் நான் சொன்னது எதுவுமே நிஜமில்லை. நடை, பாத்திரம், சர்க்கரை, எல்லாம் பொய். என் பேரை எடுத்துடு."

"எடுத்தாச்சே சார்."

"என்னது?"

"நாலாவது நாளே எடுத்தாச்சு. உங்க வீட்டம்மா போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. தப்பான தகவல் இருந்தா வெச்சுக்க முடியாது. உங்களுக்கு லெட்டர்கூட அனுப்பினோமே, வீட்டம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பன்னிரண்டு வாரம். எண்பது விடியற்காலை. எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காத பாத்திரம் எத்தனை!

"அப்ப இத்தனை நாளா நான் எந்தக் குழுவுல இருந்தேன்?"

"எங்க குழுவுல இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஏனோ ஸ்டேப்ளர்தான் ஞாபகத்துக்கு வந்தது. கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அவள் எழுந்து போய் ஒரு புதுப் படிவத்தோடு வந்தாள்.

"சார், அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கறோம். ஏற்கெனவே நல்ல பழக்கம் இருக்கறவங்கதான் வேணும். அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் இப்ப நிஜம்தானே? ஒண்ணும் புதுசா செய்ய வேண்டாம். ஒரு வருஷம் இப்படியே இருந்தா போதும்."

ஒரு வருஷம்! இந்தத் தடவை ஏமாறுவதாக இல்லை. படிவத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் தப்பிக்க வழி இருந்தது. குடும்பத்தில் ஒருவருடைய சம்மதம் கட்டாயம்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆசைதாம்மா. ஆனா என் மனைவி சம்மதிக்க மாட்டா. நான் வேலை செஞ்சா அவளுக்கு மனசு தாங்காது. ரொம்ப இளகின மனசு."

"மூணாம் பக்கம் பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண், பேனாவை அவர் கையில் கொடுத்து. "அம்மா நேத்தே வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களுது மட்டும்தான் பாக்கி."