நிர்வாகி பென் டிரைவைப் பிடுங்கிய வரலாறு

உலகில் இதுவரை தோன்றிய நிர்வாகிகளில் நேரத்தின் அருமை தெரிந்தவர் ஒருவர்தான். அவர் ஒரு மருத்துவமனையின் நிர்வாகி. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் படியேறிவிட்டு, மாடியில் அதைவிட அதிக நேரம் நின்று மூச்சு வாங்குவார்.

அவர் வேகத்துக்கு ஒரே முட்டுக்கட்டை ஸ்கேன் அறை. ஸ்கேன் கருவி பழசு. அதன் மென்பொருள் பழைய ரகக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அந்த ரகமோ மண்டையைப் போட்டு வருஷங்களாகிவிட்டன. அதனால் அங்கே கம்ப்யூட்டர் பொறியாளராக இருந்த பெண், புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழையதைப் போல நடிக்கும் ஓர் 'உள்கம்ப்யூட்டரை' மென்பொருளாலேயே உருவாக்கியிருந்தாள். பென் டிரைவைச் செருகினால் வெளிக் கம்ப்யூட்டர் வாங்கி உள்கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். எடுக்கும்போது உள்ளே இருப்பதுதான் முதலில் கையை விடவேண்டும். இது நிர்வாகிக்குத் தேவையற்ற 'சம்பிரதாயமாக'ப் பட்டது.

ஒருநாள் சிறுநீரகக் கல்லோடு ஒரு லாரி டிரைவர் சுருண்டு கிடந்தார். அறுவை மருத்துவர் படங்களுக்காகக் காத்திருந்தார். அந்த மென்பொருள் படங்களை நேரே பென் டிரைவில்தான் எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது நிர்வாகி நுழைந்தார். 'தாமதமில்லா மருத்துவம்' என்ற தம் உரையைக் கொண்டுபோக அவருக்கு உடனே ஒரு டிரைவ் தேவைப்பட்டது.

“தொடாதீங்க சார், எழுதிட்டிருக்கு” என்று தடுத்தாள் பொறியாளர்.

“திரையில 'டிரைவ் பயன்பாட்டில் இல்லை'ன்னு வருதேம்மா.”

“அது வெளிக் கம்ப்யூட்டர் சொல்றது. டிரைவ் இப்ப உள்ள இருக்கறதுகிட்ட இருக்கு.”

“உள்ள அப்படி ஒண்ணு நிஜமா இருக்கா?”

“நிஜமா இல்ல சார். ஆனா வேலை செய்யுது.”

“இல்லாத ஒண்ணுகிட்ட நான் அனுமதி கேக்கணுமாக்கும்” என்றபடி பிடுங்கினார். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. உள்கம்ப்யூட்டர் அப்படியே உறைந்தது. டிரைவில் அரைப் படம்கூடத் தேறவில்லை.

செய்தி கேட்ட லாரி டிரைவர் பதறினார். “சார், என் கல்லத் தொலைச்சிட்டீங்களாமே?”

“பயப்படாதீங்க. கல்லு பத்திரமா உங்ககிட்டயேதான் இருக்கு. படம்தான் போச்சு.”

இப்படி ஆறுதல் சொல்ல எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பொறியாளர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மல்லுக்கட்டி, மாலைக்குள் உள்கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தாள். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இரவெல்லாம் வலியில் பல்லைக் கடித்துக் கிடந்தவருக்கு மறுநாள் கல் வெளியே வந்தது.

நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக நிர்வாகி தம் தலைமையிலேயே விசாரணைக் குழு அமைத்தார். 'முன்னறிவிப்பின்றிப் பிடுங்குவதே இத்துயரின் மூலகாரணம்' என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. நிர்வாகியின் நேர்மையைப் பாராட்டியது.

பிறகு, முன்னறிவிப்பின்றி, பொறியாளரின் வேலையைப் பிடுங்கியது.